சோறும் காசும்: நான்சி லீ ஸ்வானும் பழஞ்சீனத்துப் பணமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பழஞ்சீனத்தில் பணம் எப்படிப் புழங்கியது என்று பேச்சு வந்தால் நான் முதலில் சொல்லும் பெயர் நான்சி லீ ஸ்வான். சொன்னதும் கேள்விகள் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் லீ க்வேய் என்ற பழங்கால அமைச்சரின் கணக்கை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

யார் இந்த ஸ்வான்?

1881ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரில் பிறந்தவர், 1966ல் அதே மாநிலத்தில் காலமானார். நடுவில் சீனாவிலும் நியூயார்க்கிலும் மான்ட்ரியாலிலும் பிரின்ஸ்டனிலும் வாழ்ந்தார். அமெரிக்காவில் சீன வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண்களில் ஒருவர். வாழ்நாளில் பெரிய நூல்கள் என்று எழுதியது இரண்டே இரண்டு. இரண்டாவது நூல் 1950ல் வந்தது, அப்போது அவருக்கு 69 வயது. அந்த நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பழஞ்சீனத்தில் சோறும் காசும்'.

டெக்சாஸில் பிறந்தவர் சீனத்துக்கு எப்படி வந்தார்?

அந்தக் காலத்தில் பல அமெரிக்கப் பெண்கள் போன அதே வழிதான். கிறித்தவ இளம்பெண்கள் சங்கத்தின் பணிக்காகச் சீனா போனார், மொழி கற்றார், மொழி அவரை விடவில்லை. திரும்பி வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1928ல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பான் சாவ் என்ற பெண் அறிஞரை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்தவர், ஹான் அரச வம்சத்தின் வரலாறான 'ஹான் ஷு' என்ற பெரும் நூலை முடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர். அந்த நூலை எழுதியவர் பான் சாவின் அண்ணன் பான் கு. அதற்கும் முன்னால் அதைத் தொடங்கி வைத்தவர் அப்பா பான் பியாவ். அண்ணன் கி.பி. 92ல் சிறையில் இறந்து போனதும், மிச்சம் வேலை தங்கை தலையில் விழுந்தது. ஸ்வானின் இந்த ஆய்வு 1932ல் நூலாக வந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஸ்வானின் இரண்டாவது நூலும் அதே 'ஹான் ஷு'வில் இருந்துதான் வருகிறது. முதலில் நூலை முடித்த பெண்ணைப் படித்தார், அப்புறம் நூலுக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

அப்படியானால் பெரிய பேராசிரியராக இருந்திருப்பாரே?

இல்லை. அவர் பிழைத்தது நூலகத்தில், அந்த நூலகம் உருவான கதையும் விசித்திரம்.

கெஸ்ட் என்று ஓர் அமெரிக்க ஒப்பந்தக்காரர். அவருக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். அங்கே மருத்துவர்களிடம் பலன் கிடைக்கவில்லை. பீக்கிங்கில் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக இருந்த கில்லிஸ் என்ற நண்பர், சீனத்துக் கண் மருந்து ஒன்றைப் போட்டுப் பாருங்கள் என்றார். நோய் தீரவில்லை, ஆனால் வலி குறைந்தது. கெஸ்டுக்குச் சீன மருத்துவத்தில் ஆர்வம் பற்றிக்கொண்டது. கில்லிஸிடம் பணம் கொடுத்து மருத்துவச் சுவடிகளை வாங்கச் சொன்னார், கில்லிஸோ அதோடு நிற்கவில்லை, நூல்கள் குவிந்துகொண்டே போயின. 1926ல் அந்தச் சேகரம் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நூலகமாகத் திறக்கப்பட்டது. 1931 முதல் அதன் பொறுப்பாளர் ஸ்வான்.

நேரம் சரியில்லை, உலகமே பொருளாதாரச் சரிவில் கிடந்த காலம். மெக்கிலால் நூலகத்தைத் தாங்க முடியவில்லை. 1937ல் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏடுகள் கொண்ட அந்தச் சேகரம் பிரின்ஸ்டனின் உயராய்வு நிறுவனத்துக்குக் கைமாறியது, ஐன்ஸ்டைன் இருந்த அதே நிறுவனம். ஸ்வானும் கூடவே போனார், 1948ல் ஓய்வு பெறும் வரை அங்கேதான். பட்டியல் போடுவது, அட்டை எழுதுவது, கேட்டு வருபவர்களுக்கு ஏடு எடுத்துக் கொடுப்பது என்று நாள் ஓட, அதற்கு நடுவில்தான் மொழிபெயர்ப்பு. முதல் நூலுக்கும் இரண்டாம் நூலுக்கும் நடுவே 18 வருஷம் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். வருஷத்துக்கு இத்தனை கட்டுரை என்று எண்ணிக் கேட்கும் இன்றைய கல்விச் சூழலில் இப்படி ஒருவர் தாக்குப்பிடித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சரி, அவர் மொழிபெயர்த்தது என்ன?

'ஹான் ஷு' மொத்தம் 100 அத்தியாயம். அதில் 24வது அத்தியாயத்துக்குப் பெயர் 'ஷிஹுவோ ஜி'. ஷி என்றால் உணவு, ஹுவோ என்றால் பொருள், பண்டம், பணம் எல்லாம் சேர்ந்தது. முதல் பாதி விளைச்சலும் நிலமும் வரியும், இரண்டாம் பாதி காசும் வாணிகமும். பழங்காலம் தொட்டு ஏறக்குறைய கி.பி. 25 வரை. இதோடு வணிகர்களின் வரலாற்றைச் சொல்லும் 91வது அத்தியாயத்தையும், பான் குவுக்கு முந்தைய வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதிய 'ஷி ஜி' என்ற வரலாற்று நூலில் அதற்கு இணையான 129வது அத்தியாயத்தையும் சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான் நூல். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு மட்டும் மலைபோல் இருக்கும்.

இந்த 24வது அத்தியாயம் பான் சாவ் எழுதியதா?

அப்படிச் சொன்னால் கதை அழகாக முடியும். ஆனால் பான் சாவ் முடித்ததாகச் சொல்லப்படுவது எட்டு அட்டவணைகளும் வானியல் அத்தியாயமும். அந்த வானியல் பகுதியில் மா ஷு என்ற அறிஞருக்கும் பங்கு உண்டு. காசு அத்தியாயத்தை அண்ணன் பெயரிலேயே விட்டுவிடுவோம்.

பணத்தைப் பற்றிப் படிக்கிறவர் ஏன் சோற்றில் தொடங்க வேண்டும்?

இங்கேதான் லீ க்வேய் வருகிறார். கி.மு. 400ஐ ஒட்டி வெய் நாட்டில் அமைச்சராக இருந்தவர். ஒரு குடியானவன் குடும்பத்தின் வரவு செலவை அவர் போட்டுக் காட்டியதாக அத்தியாயம் சொல்கிறது.

வீட்டில் ஐந்து பேர். நிலம் 100 மூ, அந்தக் கால அளவில் ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. மூவுக்கு ஒன்றரை ஷி தினை, மொத்தம் 150 ஷி (இந்த ஷி தானிய அளவு, உணவு என்று பொருள்படும் ஷி வேறு. ஒன்று சுமார் 20 லிட்டர்). பத்தில் ஒரு பங்கு வரி, 15 போனது. மிச்சம் 135. ஆளுக்கு மாதம் ஒன்றரை ஷி சாப்பாடு, வருஷத்துக்கு 90. மிச்சம் 45. அதை ஷி 30 காசு என்று விற்றால் 1,350 காசு. ஊர்க் கோயில் படையல், அறுவடைப் பூசை எல்லாவற்றுக்கும் 300. மிச்சம் 1,050. துணிமணிக்கு ஆளுக்கு 300 வீதம் 1,500 வேண்டும். 450 காசு துண்டு விழுகிறது. நோய் வந்தால், சாவு விழுந்தால், மேலிடத்திலிருந்து கூடுதல் வரி கேட்டால் அந்தச் செலவு இந்தக் கணக்கில் சேரவே இல்லை என்று கடைசியில் ஒரு வரி.

இதில் எதுவும் நமக்குப் புரியாதது இல்லை, அதுதான் ஆச்சரியம். எண்கள் ரொம்பக் கச்சிதமாக இருப்பதால் பிற்காலத்தில் யாரோ போட்ட கணக்கை லீ க்வேய் வாயில் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் நியாயமாகவே எழும், இருக்கலாம். ஆனால் யார் போட்டிருந்தாலும், உழவன் வீட்டைக் காசில் எண்ணிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் போட்டது. லீ க்வேய் சொன்ன தீர்வு, நல்ல விளைச்சலில் அரசு தானியத்தை வாங்கி வைத்துப் பஞ்சத்தில் விற்க வேண்டும் என்பது.

லீ க்வேய்க்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு பிந்திய ஹான் வம்சக் காலத்தில் நிலைமை இன்னும் இறுகுகிறது. ஆள்வரியைக் காசாகக் கட்ட வேண்டும், வயதுவந்தவருக்கு வருஷம் 120 காசு. நிலத்தில் விளைவது தினை, அரசு கேட்பது செம்பு. வென் பேரரசரிடம் ச்சாவ் ட்சுவோ என்ற அமைச்சர் கொடுத்த விண்ணப்பத்தில் இதன் விளைவு இருக்கிறது: கையில் தானியம் உள்ளவன் பாதி விலைக்கு விற்கிறான், இல்லாதவன் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிறேன் என்று கடன் வாங்குகிறான், கடைசியில் நிலம் போகிறது, வீடு போகிறது, பிள்ளைகளையும் விற்கிறான். சட்டம் வணிகனை இழிவாக வைத்திருக்கிறது, வணிகனோ பணக்காரன் ஆகிவிட்டான். சட்டம் உழவனை மதிக்கிறது, உழவனோ ஏழையாகிவிட்டான் என்றும் அதே விண்ணப்பம் சொல்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், காசைத் தனியாக எடுத்து வைத்துப் படித்தால் நாணயம் சேகரிப்பவர் ஆகலாம், வரலாறு தெரியாது. ஸ்வான் இரண்டு பாதியையும் சேர்த்தே மொழிபெயர்த்தது அதனால் முக்கியம்.

காசுப் பகுதியில் என்ன இருக்கிறது?

கதைகள், எல்லாம் உண்மையான பணக் கொள்கைக் கதைகள்.

கி.மு. 175ல் வென் பேரரசர் யார் வேண்டுமானாலும் காசு வார்க்கலாம் என்று விட்டுவிட்டார். ஜியா யீ என்ற இளம் அறிஞர் எதிர்த்தார். ஜனங்கள் ஏர் கலப்பையைப் போட்டுவிட்டுச் செம்பு தோண்டவும் உலை ஊதவும் போவார்கள், கள்ளக்காசு பெருகும், தானியம் பெருகாது என்றார். கேட்பார் இல்லை. பேரரசருக்குப் பிடித்தமானவர் தெங் தோங் என்று ஒருவர். அவர் முகத்தைப் பார்த்த சாமுத்திரிகன் 'இவன் பட்டினியால் சாவான்' என்றான். அவனைப் பணக்காரனாக்க நான் இருக்கும்போது அது எப்படி என்று பேரரசர் ஒரு செம்பு மலையையே எழுதிக் கொடுத்தார். தெங் காசும், வூ என்ற சிற்றரசின் மன்னன் வார்த்த காசும் நாடெங்கும் புழங்கின. அடுத்த பேரரசர் வந்தார், குற்றம் சாட்டினார்கள், சொத்தைப் பிடுங்கினார்கள், தெங் தோங் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் இறந்தபோது அவர் பெயரில் ஒரு காசுகூட இல்லை. (திண்ணை நான் சேர்த்தது. ஒரு காசுகூட இல்லை என்பது சீமா சியென் எழுதியது.) தனியார் காசு வார்ப்பு கி.மு. 144ல் தடை செய்யப்பட்டது.

அப்புறம் வூ பேரரசர் (அந்தச் சிற்றரசு வூ வேறு, இவர் வேறு). வடக்கே ஷியுங்நு மக்களோடு முடிவில்லாத போர், கஜானா காலி. கி.மு. 119ல் அரண்மனைத் தோட்டத்து வெள்ளை மானின் தோலை ஓர் அடிச் சதுரமாக வெட்டி, ஓரத்தில் வேலைப்பாடு செய்து, விலை 4,00,000 காசு என்றார்கள். சிற்றரசர்கள் அவைக்கு வரும்போது தங்கள் காணிக்கை மணிக்கல்லை இந்தத் தோலின்மேல் வைத்துத்தான் தர வேண்டும். யான் யீ என்ற அமைச்சர், மணிக்கல்லே சில ஆயிரம்தான் பெறும், அதற்கு விரிக்கிற தோல் நாலு லட்சமா என்று கேட்டார். பேரரசருக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் விருந்தாளி ஒருவர் புது ஆணைகளைக் குறை சொல்ல, யான் யீ பதில் பேசவில்லை, உதட்டை மட்டும் லேசாக அசைத்தார். அது போதும், 'வயிற்றுக்குள்ளேயே பழித்தார்' என்று மரண தண்டனை. பணக் கொள்கையை விமர்சித்ததற்குக் கொடுக்கப்பட்ட தண்டனைகளில் இதைவிட அற்பமான காரணம் நான் படித்ததில்லை.

வூசூ காசு என்கிறார்களே, அது?

கி.மு. 118ல் வந்தது, ஐந்து சூ எடை, நம் கணக்கில் மூன்றேகால் கிராம் அளவு. வட்டக் காசு, நடுவில் சதுரத் துளை. சில ஆண்டுகளில் வார்ப்பு முழுக்கத் தலைநகரின் ஷாங்லின் பூங்கா உலைகளுக்குப் போனது. கி.பி. முதல் ஆண்டுகள் வரை 2,800 கோடிக் காசு வார்த்ததாக அத்தியாயம் சொல்கிறது. பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் கி.பி. 2ல் எடுத்த கணக்குப்படி மக்கள்தொகை 6 கோடியை ஒட்டி. 120 ஆண்டுக்கு வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு வருஷம் நாலு புதுக் காசு தேறும். வரிக்குக் காசு தேடி உழவன் ஏன் அலைந்தான் என்பது அப்போது கொஞ்சம் புரியும்.

வாங் மாங் பற்றிச் சொல்லாமல் விட்டால் எப்படி?

விட முடியாது. கி.பி. 9ல் அரியணையைப் பிடித்தவர், பழைய நூல்களில் சொன்னபடி நாட்டை மாற்றப் போகிறேன் என்று கிளம்பினார். கி.பி. 10ல் ஒரே அடியாக 28 வகைப் பணம்: பொன், வெள்ளி, ஆமை ஓடு, சோழி, வட்டக் காசு, மண்வெட்டி வடிவக் காசு. ஜனங்கள் குழம்பிப் போய் ரகசியமாகப் பழைய வூசூவிலேயே வாங்கி விற்றார்கள். இதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் வேடிக்கை: பயணம் போகிறவர்கள் அனுமதிச் சீட்டோடு மண்வெட்டிக் காசும் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்திரத்தில் இடம் கிடையாது, துறையிலும் கணவாயிலும் விசாரணை. அந்த இடத்தோடு வேடிக்கை முடிந்துவிடுகிறது. காசு வார்த்துப் பிடிபட்டவர்களைக் குடும்பத்தோடு அடிமையாக்கிச் சங்கிலி போட்டுத் தலைநகருக்கு அனுப்பினார்கள், லட்சக்கணக்கில், அதில் பத்துக்கு ஆறேழு பேர் செத்தார்கள் என்கிறது நூல். உழவரும் வணிகரும் தொழிலை இழந்தார்கள், 'சோறும் காசும் இரண்டும் கெட்டன', ஜனங்கள் சந்தையிலும் தெருவிலும் அழுதார்கள். அத்தியாயத்தின் தலைப்பில் உள்ள அதே இரண்டு சொற்கள், ஷி, ஹுவோ. அந்த வரியை முதல் முறை படித்தபோது நான் கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை.

பான் கு அடுத்து வந்த வம்சத்தின் ஆள், வாங் மாங்கை நல்லவனாகக் காட்ட அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

மொழிபெயர்ப்பில் என்ன அவ்வளவு கஷ்டம்?

மூலத்தில் நிறுத்தற்குறி இல்லை. எழுத்தெல்லாம் நெருக்கம். அதற்கு ஏழாம் நூற்றாண்டில் யான் ஷிகு எழுதிய உரை, அந்த உரைக்கும் பின்னால் வந்தவர்களின் குறிப்புகள். இதைவிடப் பெரிய தலைவலி அளவுகள். நம் ஊரில் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறியதுபோல அங்கே மூவும் ஷியும் காலத்துக்குக் காலம் மாறின. பொன் ஒரு 'ஜின்' (ஓர் எடை அளவு) என்று எழுதியிருந்தால் நிஜப் பொன்னா, பத்தாயிரம் காசு என்று கணக்கில் சொல்கிறார்களா என்று ஒவ்வொரு இடத்திலும் யோசிக்க வேண்டும்.

தப்பில்லாமல் செய்தாரா?

இல்லை. நூல் வந்த அதே 1950ல் ஹார்வர்டில் இருந்த யாங் லியென்ஷெங் முப்பது பக்கத்துக்கு மேல் திருத்தங்களும் குறிப்புகளும் எழுதி வெளியிட்டார். சிலர் இதைச் சொல்லி ஸ்வானைக் கைகழுவிவிடுவார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. முழுதாக ஒருவர் செய்து வைத்ததால்தான் இன்னொருவர் வரிவரியாகத் திருத்த முடிந்தது. இன்றைக்கு இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

யாங்கும் சாதாரண ஆள் இல்லை. சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர், சீனத்தில் பணமும் கடனும் பற்றி 1952ல் ஒரு சிறிய நூல் எழுதினார். அடகுக்கடை, சீட்டு, ஏலம், லாட்டரி ஆகிய நாலுக்கும் சீனத்தில் பௌத்த மடங்களோடு இருந்த உறவைப் பற்றிய அவருடைய கட்டுரையை எங்காவது கிடைத்தால் விடாதீர்கள்.

சீனர்கள் எழுதியது?

இது நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது. பெங் ஷின்வேய் ஷாங்காயில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய 'சீனப் பண வரலாறு' 1954ல் வந்தது, பிறகு 1958லும் 1965லும் திருத்திப் பெரிதாக்கினார். காசையும் பார்ப்பார், அரிசி விலையையும் பார்ப்பார். ஆங்கிலத்தில் 1994ல் கப்லன் மொழிபெயர்த்தார். ஜப்பானில் காதோ ஷிகேஷி அதே 24வது அத்தியாயத்தை ஸ்வானுக்கு முன்பே, 1942ல், ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இப்போது தோண்டி எடுத்த ஏடுகள் இவ்வளவு இருக்கும்போது பழைய மொழிபெயர்ப்பு எதற்கு?

தோண்டி எடுத்தவை நிறைய மாற்றியிருக்கின்றன, உண்மை. 1975ல் ஹுபேய் மாநிலம் ஷுய்ஹுதியில் ஒரு சிற்றதிகாரியின் கல்லறையில், ஹானுக்கு முன்னால் ஆண்ட சின் அரசின் சட்டங்கள் மூங்கில் பட்டைகளில் கிடைத்தன. அதில் காசு நல்லதோ கெட்டதோ கலந்தே புழங்க வேண்டும், பொறுக்கக் கூடாது என்று இருக்கிறது, ஆயிரம் காசு சேர்ந்ததும் கூடையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். துணியும் பணம்தான், எட்டடி நீளத் துண்டு ஒன்றுக்குப் 11 காசு. இதெல்லாம் 'ஹான் ஷு'வில் கிடையாது. நான்சாங் அருகே லியூ ஹே என்பவரின் கல்லறை, கி.மு. 74ல் 27 நாள் மட்டும் பேரரசராக இருந்து இறக்கப்பட்டவர். அங்கே 10 டன்னுக்கு மேல் வூசூ காசு குவிந்து கிடந்தது.

ஆனால் பட்டைகள் தருவது விதி, கல்லறை தருவது பொருள். விதி எதற்காக வந்தது, யார் எதிர்த்தார்கள், யார் அழுதார்கள் என்பதற்கு அந்த அத்தியாயத்துக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு?

இதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. 'ஹான் ஷு'வில் உண்டு, ஆனால் 24ல் இல்லை, நிலவியல் பற்றிய 28வது அத்தியாயத்தில். தெற்குக் கடல் வழியே போனால் ஹுவாங்ஜி என்ற நாடு, அங்கே பொன்னும் பட்டும் கொண்டுபோய் முத்தும் பளிங்கும் வாங்குவார்கள் என்று வருகிறது. அது காஞ்சிதான் என்று பலர் சொல்கிறார்கள், ஒலி பொருந்துகிறது என்பதைத் தாண்டி உறுதி செய்யக் கல்வெட்டோ காசோ இல்லை, அதனால் நான் பந்தயம் கட்ட மாட்டேன். தஞ்சைப் பகுதியில் கிடைத்த சீனக் காசுகள் பெரும்பாலும் சொங் காலத்தவை, ஆயிரம் ஆண்டு பிந்தியவை. இரண்டையும் ஒட்டிக் கதை கட்ட வேண்டாம்.

எங்கே தொடங்குவது?

சீனம் தெரிந்தால் மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தெரியாவிட்டால் ஸ்வானை ஏதாவது பல்கலைக்கழக நூலகத்தில் தேடுங்கள், முன்னுரையில் மாட்டிக்கொள்ளாமல் நேராக லீ க்வேய் வரும் இடத்துக்குப் போங்கள். பக்கத்தில் ஒரு தாளை வைத்து, 150இல் இருந்து நீங்களே கழித்துக்கொண்டே வாருங்கள்.